அளவு குறைந்த ரவிக்கை

திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு மனிதரைப் பார்த்தால், அவர் பெயர் என்ன, ஊர் எது என்று விசாரிப்பதற்கு முன்னால், அவருக்கு எத்தனை சைஸ் பனியன் பொருந்தும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுவிடுவார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து என் கணவர் எதிர் வரிசையைப் பார்த்தபடி, "85, 90, 90, 100" என்று முணுமுணுப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். 12 தையல் மெஷின்களை வைத்துக்கொண்டு ஜாப் ஒர்க் செய்கிறவர் அவர். தொழில் புத்தி, குற்றம் சொல்வதற்கில்லை.

இப்படிப்பட்ட ஊரில் தன் உடம்பின் அளவை மறைத்துவிடலாம் என்று ஒருத்தி நினைத்தாளே, அவள் அசட்டுத்தனத்தை என்னவென்று சொல்வது? அந்த ஒருத்தி நான்தான்.

எங்கள் தெருக்கோடியில் ரவிக்கை தைத்துக் கொடுக்கும் அம்மாள் ஒருத்தி இருக்கிறாள். பல வருஷங்களாக என் அளவு அவளுடைய நோட்டில் இருக்கிறது. பொங்கலுக்கு இரண்டு ரவிக்கை தைக்கப் போயிருந்தேன். டேப்பைச் சுற்றிப் பிடித்தவள், நோட்டைப் பார்த்தாள். மறுபடியும் டேப்பைப் பார்த்தாள்.

"ஏனுங்க அக்கா, போன தீபாவளிக்கு எழுதுன அளவுக்கு இப்ப 4 இஞ்சு கொறஞ்சு போச்சுங்களே! ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுச்சுங்களா?"

"பித்தப்பையில் கல் இருந்தது. ஆபரேஷன் பண்ணினார்கள்" என்றேன், ஏற்கெனவே தயாராக வைத்திருந்த பதிலை.

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "பித்தப்பை அங்கீங்களா இருக்குது?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

விஷயம் இதுதான். கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் மார்பின் அளவைக் குறைக்கும் ஆபரேஷனைச் செய்துகொண்டு வந்திருந்தேன். உறவினர்களிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. பித்தப்பை என்று சொல்லிவிட்டேன். உடனே ஒரு பெரியம்மா, பித்தப்பைக்காரர்களுக்கு எண்ணெய் ஆகாது என்று சொல்லி, தாளிக்காத ரசமும் வேகவைத்த சுரைக்காயும் நாள் தவறாமல் கொடுத்தனுப்பினாள். ஒரு மாசம் அதைத் தின்றேன். பொய்க்குத் தண்டனை அடுத்த ஜன்மத்தில்தான் என்று யார் சொன்னது?

இதில் வெட்கப்பட வேண்டிய சமாசாரம் இன்னொன்றும் உண்டு. என் நாவல்களில் வரும் பெண்கள் எதற்கும் கூசாதவர்கள். "நீங்கள் துணிச்சலாக எழுதுகிறீர்கள்" என்று வாசகர்கள் கடிதம் போடுகிறார்கள். அவ்வளவு துணிச்சலும் காகிதத்தோடு சரி என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

எனக்கு 13 வயதில் ஆரம்பித்த தொல்லை அது. புத்தகப் பையை முதுகில் மாட்டாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். விளையாட்டு வகுப்பில் ஓடச் சொன்னால் கால் சுளுக்கு என்பேன். கூன் போட்டு நடக்காதே என்று அம்மா முதுகில் தட்டுவாள். கூன் எதற்கு என்று அவள் கேட்டதில்லை, நான் சொன்னதும் இல்லை. கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தேன். அந்த இரண்டு வருஷமும் கடைசி பெஞ்சுதான்.

பிறகு கல்யாணம், ஒரு பிள்ளை, எழுத்து. மேஜை முன் 2 மணி நேரம் உட்கார்ந்தால் கழுத்து இற்றுப்போகும். தோள் இரண்டிலும் உள்ளாடையின் பட்டி அழுந்தி அழுந்தி, கிணற்றுக் கல்லில் கயிறு விழுந்த தடம் மாதிரிப் பள்ளம் விழுந்துவிட்டது. பங்குனி, சித்திரை வந்தால் மார்புக்குக் கீழே வேர்வையில் தோல் வெந்து சிவந்து எரியும். பவுடர் போடுவேன், களிம்பு போடுவேன், ஐப்பசி மழைக்குக் காத்திருப்பேன். ஊருக்கெல்லாம் உள்ளாடை தைத்துக் கப்பலேற்றும் ஊரில் இருந்துகொண்டு, எனக்குச் சரியாகப் பொருந்தும் ஓர் உள்ளாடை கிடைக்காமல் 30 வருஷம் கழித்திருக்கிறேன்.

முதுகுக்கென்று பார்த்த வைத்தியங்களை எண்ணி முடியாது. தைலம், ஒத்தடம், எலும்பு டாக்டர், பெல்ட், உடற்பயிற்சி. எடையைக் குறைக்கச் சொன்னார்கள். 6 கிலோ குறைத்தேன். முகம் வற்றிற்று, கை வற்றிற்று. வற்ற வேண்டியது மட்டும் வற்றவில்லை. மார்பில் கொழுப்பு மாத்திரம் இல்லை, சுரப்பித் திசுவும் இருக்கிறது. அது பட்டினிக்குக் கரையாது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். கடைசியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண்தான், "அம்மா, நீங்கள் முதுகுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். பாரம் முன்னால் அல்லவா இருக்கிறது?" என்று கேட்டாள்.

பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் அம்மா, "உள்ள பிளாஸ்டிக்கு வெச்சுத் தெப்பாங்களா கண்ணு?" என்று பயந்துபோனாள். அந்தப் பெயருக்கும் பிளாஸ்டிக் சாமானுக்கும் சம்பந்தமில்லை. உருவாக்குதல் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. எங்கள் பக்கத்தில் அந்த வைத்தியம் புதிதும் அல்ல. மெஷினில் கை சிக்கியவர்களும் தீக்காயம் பட்டவர்களும் அதற்காகத்தான் கோயமுத்தூருக்கு ஓடுகிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. இந்த ஒரு காரியத்துக்குப் போனால்தான் அலங்காரம் என்று பெயர் வந்துவிடுகிறது.

நானே அப்படி நினைத்தவள்தான். 2018 பிப்ரவரியில், சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் மார்பு சம்பந்தமான பிளாஸ்டிக் சர்ஜரிக்கு ஓர் இலவசப் பிரிவு தொடங்கினார்கள். புற்றுநோய் வந்தவர்களுக்கு மட்டுமல்ல, மார்பின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று வரும் ஏழைப் பெண்களுக்கும் செய்வோம் என்றார்கள். அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் விஜயபாஸ்கர். வெளிநாட்டுப் பத்திரிகைகள்கூட அந்தச் செய்தியைப் போட்டன. அரசாங்கப் பணத்தில் அழகு வைத்தியமா என்று சிலர் கேட்டார்கள். மருந்துக்குப் பஞ்சம் இருக்கிற நாட்டில் இது தேவையா என்று நானும் ஒரு சிநேகிதியிடம் கேலி செய்தேன். அப்படிச் சிரித்தபோது தோள் பட்டியைக் கட்டைவிரலால் தூக்கிவிட்டுக்கொண்டேன் என்பது இப்போது ஞாபகம் வருகிறது. முதுகுவலிக்குப் பணமுள்ளவள் வைத்தியம் பார்த்தால் அது வைத்தியம். பனியன் கம்பெனியில் நிற்கிறவள் பார்த்தால் அலங்காரமா? அந்தப் பிரிவைத் தொடங்கியவர்கள் என்னைவிடத் தெளிவாக யோசித்திருக்கிறார்கள்.

கோயமுத்தூர் டாக்டரிடம் 3 தடவை போனேன். முதல் தடவை ஆபரேஷன் பேச்சையே அவர் எடுக்கவில்லை. சர்க்கரை உண்டா, ரத்தசோகை உண்டா, புகையிலைப் பழக்கம் உண்டா, இனிமேல் குழந்தை பெறும் யோசனை உண்டா, ஒரு வருஷமாக எடை ஒரே மாதிரி இருக்கிறதா என்று கேள்விகள். 40 வயது தாண்டியவள் என்பதால் முதலில் மார்பகத்தை மாமோகிராம் படம் எடுத்து வரச் சொன்னார். இரண்டாம் தடவை, நான் மெள்ள, "எந்த சைஸுக்குக் கொண்டுவருவீர்கள்?" என்று கேட்டேன்.

"சைஸ் சொல்லி வாக்குக் கொடுக்க இது பனியன் இல்லை அம்மா. பாரம் குறையும், உடம்புக்குத் தகுந்தபடி இருக்கும். அவ்வளவுதான் சொல்ல முடியும்" என்றார்.

பனியன் இல்லை என்றாரே ஒழிய, அவர் செய்த காரியத்தைப் பார்த்தபோது எனக்கு எங்கள் கட்டிங் மாஸ்டர் ஞாபகம்தான் வந்தது. ஆபரேஷனன்று காலையில் என்னை நிற்க வைத்து, பேனாவால் உடம்பில் கோடு போட்டார். படுத்தால் எல்லாம் இடம் மாறிவிடும். அதனால் நின்றபடிதான் வரைய வேண்டுமாம். நடுக்கோடு, மடிப்புக் கோடு, காம்பு வந்து சேர வேண்டிய இடம். வெட்டுகிற கோடு எது, தைக்கிற கோடு எது என்று எனக்கே புரிந்தது. ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1956இல் வெளியிட்ட முறை அது; இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்த வரைபடத்தை அவர் பெண்களின் உள்ளாடை வெட்டும் பேட்டர்னைப் பார்த்துத்தான் அமைத்தார் என்று சொன்னார்கள். மார்புக்காகத் துணியை வெட்டினவர்களிடமிருந்து டாக்டர்கள் பாடம் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்! இதைச் சொன்னபோது என் கணவருக்கு உண்டான பெருமையைப் பார்க்க வேண்டுமே; தாமே அந்த பேட்டர்னைப் போட்டுக்கொடுத்தவர் மாதிரி இருந்தார்.

மயக்கம் கொடுத்து, 3 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு பக்கம் 650 கிராம், மறுபக்கம் 580 கிராம் எடுத்தார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அபூர்வமாகச் சிலருக்கு அதில் ஒளிந்திருக்கும் புற்றுநோய் தெரியவருவது உண்டாம். எனக்கு ஒன்றுமில்லை. மறுநாள் எழுந்து உட்கார்ந்தபோது, கட்டுகளுக்கும் ரத்தம் வடியும் குழாய்களுக்கும் நடுவில், தோள் தானாகப் பின்னால் போயிற்று. 30 வருஷமாக யாரோ முன்னாலிருந்து இழுத்துக்கொண்டிருந்த கயிற்றை விட்டுவிட்ட மாதிரி இருந்தது. நான் அழுதேன். வலி என்று நினைத்து நர்ஸ் ஊசி எடுத்து வந்தாள்.

இவ்வளவோடு நிறுத்தினால் இந்தக் கட்டுரை ஓர் ஆஸ்பத்திரி விளம்பரம் ஆகிவிடும். மீதியையும் சொல்ல வேண்டும். சொல்ல வைத்தவள் அந்தத் தையற்கார அம்மாளின் அக்கா மகள்.

பித்தப்பைக் கதையை நம்பாத அம்மாள் வீட்டில் போய் என்ன பேசினாளோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பெண் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். வயது 23. ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. காலையிலிருந்து மேஜைமேல் குனிந்து, பீஸைப் புரட்டிப் புரட்டி ஓட்டையும் கறையும் தேடுகிற வேலை. ஷிப்மென்ட் நெருங்கினால் ராத்திரியும் நிற்க வேண்டும். துப்பட்டாவை இரண்டு சுற்றுச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். முதுகு வளைந்திருந்தது. அந்த வளைவை நான் எங்கே கண்டாலும் அடையாளம் தெரிந்துகொள்வேன்.

"அக்கா, அந்த ஆபரேசன் வலிக்குமுங்களா?" என்று கேட்டாள்.

என் பொய் அங்கேயே முடிந்தது. உட்காரச் சொன்னேன். செய்துகொள் அம்மணி, இன்றைக்கே போ, என்னைப் போல 30 வருஷம் காத்திருக்காதே என்று சொல்லத்தான் நாக்குத் துடித்தது. ஆனால் நான் 43 வயதில், ஒரு பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்தபிறகு போனவள். அவள் 23; வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். என் சந்தோஷத்தை அவளுக்கு அப்படியே அளவெடுத்துக் கொடுக்க முடியாது. ஆகவே விலையைச் சொன்னேன்.

வலி பெரிதல்ல, மாத்திரையில் அடங்கும். வீட்டு வேலைக்கு ஓரிரு வாரம் போதும். ஆனால் 6 வாரத்துக்குத் தண்ணீர்க் குடம் தூக்கக்கூடாது, பண்டலும் தூக்கக்கூடாது. அத்தனை நாள் சம்பளத்துக்கு வழி பார்த்துக்கொண்டு போக வேண்டும். இராப்பகலாக இறுக்கமான உள்ளாடை போட்டிருக்க வேண்டும். வீக்கம் வடிந்து உருவம் நிலைக்க 6 மாசத்திலிருந்து ஒரு வருஷம் ஆகும். சாயம் ஏறி வந்த துணியை உடனே வெட்டாமல் பரப்பி வைத்து இளக விடுகிறோம் அல்லவா, அதுபோல உடம்பும் இளகிச் சரியாக நாள் பிடிக்கும்.

தழும்பு கட்டாயம் உண்டு. காம்பைச் சுற்றி, அங்கிருந்து கீழே நேராக, பிறகு மடிப்போடு குறுக்காக. கப்பல் நங்கூரம் மாதிரி. முதலில் சிவந்து, பிறகு மங்கும், ஆனால் மறையாது. நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்குச் சில சமயம் தடித்து மேடாகவும் வளரும். காது குத்தின இடமோ தடுப்பூசி போட்ட இடமோ அப்படித் தடித்திருந்தால் டாக்டரிடம் முன்னாலேயே காட்டிவிட வேண்டும். எனக்கு ஒரு பக்கத்தில், நேர்க்கோடும் குறுக்குக்கோடும் சேருகிற இடத்தில் தையல் விட்டுவிட்டது. ஆற 5 வாரம் ஆயிற்று. பலருக்கும் வருவதுதான் என்றார் டாக்டர். "3 தையல் சேர்ற எடத்துலதானே பீஸ் பிரியும்" என்றார் என் கணவர், யாரும் கேட்காமலே.

பிறகு பால். இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். காம்பை ரத்தக் குழாயும் நரம்பும் உள்ள திசுவோடு விட்டுத்தான் மேலே நகர்த்தி வைக்கிறார்கள். அப்படிச் செய்தவர்களில் பிற்பாடு பால் கொடுத்தவர்கள் உண்டு. போதாமல் போனவர்களும் உண்டு. யாராலும் உறுதி சொல்ல முடியாது. மிகப் பெரிய மார்பாக இருந்தால் சில சமயம் காம்பைத் தனியே எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும்; அப்போது பால் கொடுக்க முடியாது. இதற்கும் மேல், பிள்ளைப் பேற்றிலும் எடை கூடினாலும் அளவு திரும்பவும் மாறலாம்.

இன்னொன்று பாக்கி இருந்தது. அதைச் சொல்லலாமா என்று தயங்கினேன். அடுப்பில் காபி வைக்கும் சாக்கில் உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தேன். பிறகு சொன்னேன்: எனக்கு வலது பக்கக் காம்பில் உணர்ச்சி போய்விட்டது. ஒரு வருஷம் ஆகியும் திரும்பவில்லை. தொட்டால் ரவிக்கைப் பொத்தானைத் தொடுகிற மாதிரி இருக்கிறது. இப்படி ஆகக்கூடும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்தும் வாங்கியிருந்தார். நான்தான், இந்த வயதில் அதனால் என்ன என்று அலட்சியமாகப் போட்டுவிட்டேன். அது போனபிறகுதான், ஏதோ ஒன்று போயிற்று என்று தெரிந்தது. என் கணவரிடம்கூட அதுவரை சொல்லவில்லை.

"அப்படீன்னா நீங்க பண்ணியிருக்க வேண்டாம்னு நெனைக்கறீங்களா அக்கா?"

"இல்லை அம்மணி. மறுபடியும் கேட்டாலும் செய்துகொள்ளத்தான் செய்வேன். எனக்கு அந்த விலை கட்டுபடியாயிற்று. உனக்குக் கட்டுமா என்று நீதான் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்காக என்றால் செய்யாதே. யாரோ கேலி பேசினான் என்பதற்காகவும் செய்யாதே. உன் முதுகு கேட்டால் யோசி."

அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு பணத்தைக் கேட்டாள். அதிலும் நான் பட்டதைச் சொன்னேன். என் இன்சூரன்ஸ் கம்பெனி இது அழகுக்காகச் செய்வது என்று சொல்லிக் கை விரித்துவிட்டது. 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதிப்படி, உருவத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பின் செய்வது விலக்கு. உடல்நலத்துக்கு நேரடியாக, உடனடியாக இருக்கும் ஆபத்தை நீக்க அவசியம் என்று டாக்டர் சான்று தந்தாலும் விலக்கு உண்டு. முதுகுவலியை அப்படி ஒப்புக்கொள்ள வைப்பது எளிதல்ல. ஆனால் நானோ, சான்று கேட்காமல் ஆபரேஷனைச் செய்துகொண்டு, பிற்பாடு பில்லை எடுத்துக்கொண்டு போனேன். எழுத்தில் பதில் வாங்காமல் எதுவும் செய்யாதே என்று அவளிடம் சொன்னேன். அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் கேட்கலாம். கோவை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவு இருக்கிறது. எங்கே போனாலும், டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பட்டம் பெற்றவரா, இந்த ஆபரேஷன் எத்தனை செய்திருக்கிறார், மயக்க டாக்டரும் அவசர சிகிச்சை வசதியும் அங்கேயே உண்டா என்று கேட்க வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்கிற டாக்டர் நமக்கு வேண்டாம். ஆஸ்பிரின் போன்ற மாத்திரை, நாட்டு மருந்து, பூண்டு மாத்திரை எது சாப்பிட்டாலும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவற்றில் சில ரத்தப்போக்கை அதிகமாக்கும்.

அவள் போய்விட்டாள். அன்று ராத்திரி என் கணவரிடம் அந்த வலது பக்கத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன நாளா தனியா வெச்சுட்டு இருந்தியா?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

15 நாள் கழித்து அந்தப் பெண் தன் தாயாரோடு வந்தாள். கையில் கம்பெனியில் பீஸ் கணக்கு எழுதுகிற நீள நோட்டு. கடைசிப் பக்கத்தில் டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றை வரிசையாக எழுதியிருந்தாள், 14 கேள்விகள். எட்டாவது கேள்விக்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தாள். அது பாலைப் பற்றியது. செய்துகொள்வதா, கல்யாணமாகிக் குழந்தை பிறந்தபிறகு பார்த்துக்கொள்வதா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை, கேட்டுவிட்டு முடிவு பண்ணுகிறேன் என்றாள். தாயார்தான், "மனசுக்குள்ளயே வெச்சுட்டு இருந்திருக்கறாளுங்க. எங்கிட்டக்கூடச் சொல்லுலீங்க" என்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வருகிற திங்கட்கிழமை அவள் லீவு போட்டிருக்கிறாள். 7 மணி பஸ்ஸில் மூன்று பேருமாகக் கோயமுத்தூர் போகிறோம்.

நேற்றுப் போய் ரவிக்கைகளை வாங்கி வந்தேன். தோளில் சுருக்கமில்லாமல் நன்றாகப் பொருந்தியிருந்தன. தையற்கார அம்மாள் நோட்டில் பழைய அளவை அடித்துவிட்டுப் புதிய அளவை எழுதிக்கொண்டிருந்தாள்.

"அம்மணி, எனக்குப் பித்தப்பையில் ஒன்றும் ஆகவில்லை. அது இருக்கிற இடத்திலேயே இருக்கிறது" என்றேன்.

"தெரியுமுங்க அக்கா" என்றாள், தலை நிமிராமலே.

பெரியம்மாவுக்கு மாத்திரம் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையைப் படித்துத் தெரிந்துகொள்வாள். அவள் கொடுத்தனுப்பின சுரைக்காய்க்காக மன்னிப்பையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன்.